பொதுப் பாதைகளும் அவற்றின் பேரேடும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



சங்கத்தில் கடன் வாங்கிய அங்கத்தினர் ஒருவர் தவணை தவறாமல் முழுத்தொகையையும் செலுத்திவிடுகிறார். காரியதரிசி பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கிறார். நாளேட்டில் வரவும் வைக்கிறார். ஆனால் அதைப் பேரேட்டில் எடுத்தெழுத மறந்துவிடுகிறார். கடன் தீர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆயினும் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் அவரைக் கடன்காரர் என்றே சொல்வார். ரசீது பெட்டியில் இருக்கும்வரை கவலையில்லை. அவர் காலமாகி, ரசீது கறையான் வாய்ப்பட்டு, காரியதரிசியும் மாறிய பிறகு, மகன் வேறொரு கடனுக்கு மனுப் போடும் நாளில்தான் சங்கடம் வெளிப்படும்.

இங்கிலாந்து தேசத்தில் இதே சங்கடம் பணத்தில் அன்றி, ஜனங்கள் நடக்கும் பாதையில் பல காலமாக இருந்து வந்திருக்கிறது. அதை நீக்குவதற்கு அத்தேசத்தார் செய்த ஏற்பாடுகள், கணக்கு எழுதிப் பழகிய சங்கத்தார் எவருக்கும் எளிதில் விளங்கும். பாதைகளைப் பற்றிய சட்டத்தில் ஸ்காத்லாந்து வேறு வழியிற் சென்றது. ஆகவே இங்கே சொல்லப்படுவன இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மாத்திரமே உரியவை.

முதலில் ஒரு வித்தியாசத்தை மனத்திற் கொள்ள வேண்டும். நம் மாகாணத்தில் 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பொது ராஸ்தாக்களும் சந்துகளும் பாதைகளும் சர்க்காரின் சொத்து. பெரும்பாலும் அவை புறம்போக்கு என்று தனி சர்வே நம்பருடன் கிராமக் கணக்கில் நிற்கும். இங்கிலாந்தில் வயலின் நடுவே செல்லும் பொதுப் பாதையோ அப்படியன்று. மண் நிலக்காரருடையது, அம்மண்ணின் மேல் நடந்து செல்லும் உரிமை மாத்திரமே ஜனங்களுடையது. நிலம் பத்துக் கை மாறினாலும் அவ்வுரிமை மாறுவதில்லை. ஒருமுறை பொதுப் பாதையானது, சட்டப்படி நீக்கப்படும் வரையில் என்றென்றைக்கும் பொதுப் பாதையே என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் பழைய கொள்கை. நூறு வருஷம் ஒருவரும் நடவாமல் முள் மண்டிக் கிடந்தாலும் உரிமை செத்துவிடாது. இக்கொள்கையே ஜனங்களுக்குப் பெரிய காப்பு. கணக்கு வைப்பவருக்குப் பெரிய தொல்லையும் அதுவே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஏட்டில் வைத்திருக்க வேண்டுமல்லவா?

பாதைகள் நான்கு வகை. நடைபாதையில் மனிதர் நடக்கலாம். குதிரைப் பாதையில் நடப்பதோடு, குதிரையேறிச் செல்லலாம், குதிரையைக் கையிற் பிடித்து ஓட்டிச் செல்லலாம்; 1968ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின் சைக்கிளும் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். மற்ற இரண்டும் வண்டிகள் செல்லும் பாதைகள். ஒன்றில் மோட்டார் கூடாது. மற்றொன்றில் எல்லாம் செல்லலாம். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 1,40,000 மைல் நீளம் என்பர். அதில் மிகப் பெரும் பகுதி வெறும் நடைபாதையே. நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரைப் பாதைக்கு நீல அம்புக்குறி என்று கம்பங்களில் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இப்பாதைகள் எவரோ திட்டம் போட்டு அமைத்தவை அல்ல. குடியானவர் வயலுக்கும், ஜனங்கள் கோவிலுக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் நடந்து நடந்து ஏற்பட்டவை. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் திறந்த வயல்களையும் மேய்ச்சல் வெளிகளையும் வேலியடைத்துத் தனித்தனி நிலங்களாகப் பிரித்துக்கொடுத்தபோது பல பாதைகள் நேராக்கப்பட்டன, பல மூடப்பட்டன. 1815ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கூடி, ஒரு பாதை அவசியமற்றது என்று கையெழுத்திட்டால் அதை மூடிவிடலாம். அக்காலத்து மாஜிஸ்திரேட்டுகளோ பெரும்பாலும் அவ்வட்டாரத்துப் பெரிய நிலச்சுவான்தார்களே. ஒருவருடைய தோட்டத்துப் பாதையை அவர் நண்பர் இருவர் மூடிக்கொடுப்பர்; அடுத்த மாதம் அவர் நண்பருக்குக் கைம்மாறு செய்வார். மாஞ்செஸ்டருக்கு அருகில் பிளிக்ஸ்டன் என்னும் ஊரில் இவ்விதம் எழுந்த வழக்கு ஒன்று பெருங் கிளர்ச்சியாகி, அதன் பலனாகப் புராதனப் பாதைகளைக் காப்பதற்கென்றே 1826ல் மாஞ்செஸ்டரில் ஒரு சங்கம் ஏற்பட்டது. ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றுக்கு வேறு வழி ஏது?

1835ல் சட்டம் சற்று இறுகியது. 1894ல் கிராமங்களுக்குப் பாரிஷ் கௌன்சில்கள் ஏற்பட்டபோது, நம் கிராமப் பஞ்சாயத்தைப் போன்ற அச்சபையின் சம்மதமின்றி அக்கிராமத்துப் பாதையை மூடவோ திருப்பவோ கூடாது என்று விதித்தார்கள். 1932ஆம் வருஷத்துச் சட்டம் இன்னொரு படி. ஒரு பாதையில் ஜனங்கள் 20 வருஷம் இடைவிடாது, பலவந்தமின்றி, ஒளிவுமறைவின்றி, எவருடைய அனுமதியையும் கேளாமல் உரிமையாகவே நடந்து வந்திருந்தால், நிலக்காரர் அதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளவேண்டும் என்று அது கூறிற்று. தமக்கு அவ்வெண்ணம் இல்லையென்று நிலக்காரர் உரிய காலத்தில் காட்டியிருந்தால் மாத்திரம் விலக்கு. வருஷத்தில் ஒரு நாள் வாயிலைப் பூட்டிவைத்து, மற்ற நாளெல்லாம் திறந்துவிடும் வழக்கம் சில நிலக்காரரிடம் இருந்ததன் காரணம் இதுவே. அந்த 20 வருஷ விதி 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தில் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு இருந்தும், எது பொதுப் பாதை என்பதற்கு ஓர் ஏடு இல்லை. ஒவ்வொரு தகராறிலும் கிழவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்க வேண்டியிருந்தது. கிழவர் இறந்தால் பாதையும் இறந்தது. இரண்டாம் மகாயுத்தம் முடிந்தபின், 1949ல் நிறைவேறிய தேசியப் பூங்காக்கள், கிராமப்புற அணுகல் பற்றிய சட்டமே முதன்முதலில் ஓர் ஏட்டை ஏற்படுத்தியது. ஜில்லாவை ஒத்த கௌண்டி ஒவ்வொன்றின் கௌன்சிலும் தன் எல்லையிலுள்ள பாதைகளையெல்லாம் அளந்து, படம் வரைந்து, விவரப் பட்டியும் எழுதிவைக்க வேண்டும். இப்படத்திற்கு முடிவான படம் என்று பெயர்.

வேலை கிராமத்திலிருந்து துவங்கிற்று. பாரிஷ் கௌன்சிலைக் கலந்தும் கிராமக் கூட்டத்தைக் கூட்டியும் விவரம் சேகரித்தார்கள். ஊர்க்காரர்கள் பாதை பாதையாக நடந்து, இங்கே வாயில் இருக்கிறது, இங்கே வேலியைத் தாண்டும் படி இருக்கிறது, இங்கே பாலம் உடைந்திருக்கிறது, இன்ன காரணத்தால் இது பொதுப் பாதை என்று நம்புகிறோம் என எழுதிக் கொடுத்தார்கள். அதைக்கொண்டு முதலில் நகல் படம். ஆட்சேபங்களைக் கேட்டபின் தற்காலிகப் படம். அதற்கும் நிலக்காரர் கோர்ட்டுக்குச் சென்று வாதாடியபின் முடிவான படம். சில கௌண்டிகளில் இம்மூன்று படியும் முடியப் பல வருஷங்களாயின.

ஊர்க்காரரே செய்த வேலையாதலால் அதன் நலமும் குறையும் ஊர்க்காரருடையவை. ஊக்கமுள்ள கிராமத்தில் ஒரு சந்து விடாமல் எழுதினார்கள். அசட்டையான கிராமத்தில், "எல்லாருக்குந்தான் தெரியுமே" என்று எழுதாமலே விட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்தது இரண்டு தலைமுறைக்குப் பின் ஒருவருக்கும் தெரியாததாயிற்று. கௌன்சிலர் தாமே நிலக்காரராக இருந்த இடத்தில் அவருடைய வயற் பாதை எழுதப்படாமற் போயிருந்தால் அதில் வியப்பொன்றுமில்லை. ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லையோடு நின்றதால், இந்தப் பக்கத்தில் குதிரைப் பாதை என்று வரும் கோடு, எல்லை ஓடையைத் தாண்டியதும் நடைபாதையாகிவிடும். சில இடங்களில் கோடே நின்றுவிடும். அங்கே வந்த குதிரைக்காரர் குதிரையை ஓடைக்கரையில் கட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான்!

படத்தின் அளவும் ஒரு குறை. ஒரு மைலுக்கு இரண்டரை அங்குலம் என்ற அளவுள்ள படத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பேனாவால் கோடு இழுத்தால், பூமியில் அக்கோட்டின் அகலம் 25 மீட்டர், அதாவது 80 அடிக்கும் மேல். பாதையோ நான்கடி. வேலிக்கு வடக்கேயா தெற்கேயா என்று படம் சொல்லாது. அதனால்தான் படத்தோடு விவரப் பட்டியும் வேண்டும்: இன்ன இடத்தில் துவங்கி, இன்ன வேலியின் தென்புறமாகச் சென்று, இத்தனை அடி அகலம், இத்தனை வாயில்கள் என்று. பல பட்டிகளில் ஒரே வரி மாத்திரம் எழுதி முடித்துவிட்டார்கள். அகலம் எழுதாத பட்டியால் பின்னால் எழுந்த வியாஜ்ஜியங்கள் கொஞ்சமல்ல.

இவ்வளவு குறை இருந்தும் படத்திற்குச் சட்டம் கொடுத்த வலிமை பெரிது. முடிவான படத்தில் ஒரு பாதை காட்டப்பட்டிருந்தால், படத்தின் தேதியன்று அங்கே அவ்வுரிமை இருந்தது என்பதற்கு அதுவே முடிந்த சாட்சி, எதிர்வாதம் இல்லை. ஆனால் படத்தில் இல்லாத பாதை, இல்லாத காரணத்தாலேயே உரிமையற்றது ஆகாது. குதிரைப் பாதை உண்மையில் இருந்து, படத்தில் நடைபாதை என்று மாத்திரம் போட்டிருந்தாலும், அதிகப்படியான உரிமை கெட்டுப்போவதில்லை. நம் பேரேடு பற்று வரவு இரண்டிற்கும் சாட்சி. இந்தப் பேரேடு பாதை உண்டு என்பதற்கு மாத்திரமே சாட்சி, இல்லை என்பதற்குச் சாட்சியன்று. இந்த ஒருதலை விதியை ஆழ்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். எழுதத் தவறியவருடைய குற்றத்துக்காக நடப்பவர் நஷ்டமடையலாகாது.

இனி, பாதையை மாற்றும் விதம். ஒரு விவசாயி களஞ்சியமும் மாட்டுத் தொழுவமும் கட்டியிருக்கிறார். அவற்றின் நடு முற்றத்தில் பொதுப் பாதை போகிறது. கன்றுடன் நிற்கும் பசுக்களுக்கு நடுவே அந்நியர் நாயுடன் நடப்பது இருவருக்கும் அபாயம். பாதையைத் தொழுவத்துக்குப் பின்புறமாகத் திருப்பும்படி அவர் கௌன்சிலுக்கு மனுச் செய்யலாம். நிலக்காரர் நன்மைக்காகவோ பொதுஜன நன்மைக்காகவோ திருப்புவது தக்கதா, புதிய வழி ஜனங்களுக்கு மிகவும் அசௌகரியமாகாதா, பாதையில் நடப்பதன் இன்பம் கெடுமா என்று கௌன்சில் பார்க்க வேண்டும். விவசாயத்தின் தேவையையும் கவனிக்க வேண்டும். பாதை ஒரு ராஸ்தாவில் போய் முடிவதாயின், திருப்பிய பாதையும் அதே ராஸ்தாவிலோ அதனோடு இணைந்த ராஸ்தாவிலோ முடிய வேண்டும். முற்றிலும் மூடுவதாயின், ஜனங்களுக்கு அப்பாதை தேவையில்லை என்று காட்ட வேண்டும். இது திருப்புவதைவிடக் கடினம். வீடு கட்டுவதற்காக மாற்றுவது வேறொரு சட்டப்படி. ரெயில்வே கடவுகளுக்கும் பெருஞ்சாலைகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

உத்தரவு இரண்டு படிகளாக வரும். முதலில் செய்தல், பிறகு ஊர்ஜிதம். செய்தவுடன் பத்திரிகையிலும், பாதையின் இரு முனைகளிலும் நோட்டீஸ் ஒட்டி, நிலக்காரருக்கும் பாரிஷ் கௌன்சிலுக்கும் தெரிவித்து, 28 நாளுக்குக் குறையாமல் ஆட்சேபத்திற்கு இடங்கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இல்லையேல் கௌன்சிலே ஊர்ஜிதம் செய்யலாம். ஆட்சேபம் இருந்து, அது வாபஸ் ஆகாவிட்டால் மந்திரிக்கு அனுப்ப வேண்டும். அவர் சார்பில் ஓர் இன்ஸ்பெக்டர் விசாரித்துத் தீர்ப்பார். ஊர்ஜிதமாகும் வரையில் உத்தரவு வெறுங் காகிதமே. பொதுக்கூட்டத்தில் உபவிதியைத் திருத்தித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, ரிஜிஸ்திரார் பதிவு செய்வதற்கு முன்பே புது விதிப்படி கடன் கொடுத்துவிடும் சங்கத்தார், இந்த இடத்தைச் சற்று நின்று கவனிப்பது நலம்.

ஊர்ஜிதமானதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணக்கூடாது. அநேகமாக உத்தரவிலேயே ஒரு ஷரத்து இருக்கும்: புதிய பாதையைச் செம்மைசெய்து, நடக்கத் தக்கதென்று கௌன்சில் அத்தாட்சிப் பத்திரம் கொடுத்த பிறகே பழைய பாதை நீங்கும். முட்செடி வெட்டவில்லை, வாயில் வைக்கவில்லை, அத்தாட்சி கொடுக்கவில்லையென்றால், சட்டத்தின் பார்வையில் பழைய பாதை பழைய முற்றத்திலேயே இருக்கிறது.

அத்தாட்சியும் கொடுத்தாயிற்று. பாதை சட்டப்படி நகர்ந்துவிட்டது. இப்பொழுது முடிவான படத்தில் என்ன இருக்கிறது? பழைய கோடே இருக்கிறது! திருப்பும் உத்தரவு பாதையைத் திருப்புமேயன்றிப் படத்தைத் திருத்தாது. படத்தைத் திருத்துவதற்கு இன்னொரு உத்தரவு வேண்டும். நிலம் கிரயமாகிப் பத்திரம் பதிவான பின்னும் பட்டா மாறுதல் தனியே செய்யவேண்டியிருக்கிறதல்லவா, அதைப் போலவே இதுவும்.

1949ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு வைத்த ஏற்பாடு, ஐந்து வருஷத்துக்கு மேற்படாத காலத்துக்கொருமுறை படம் முழுவதையும் மறுபரிசீலனை செய்வது. இடையில் நேர்ந்த மாற்றங்களையெல்லாம் அப்போது ஒரேயடியாக ஏற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். எண்ணம் நல்லது, நடைமுறை நடக்கவில்லை. முதற் படமே முடியாத கௌண்டி இரண்டாம் பரிசீலனைக்கு எங்கே போகும்? ஒவ்வொரு பரிசீலனைக்கும் ஆட்சேபங்கள், விசாரணைகள். துவங்கிய பரிசீலனைகள் பல இடங்களில் முடியாமலே நின்றன. நாளேட்டைப் பேரேட்டில் ஏற்றாமல் வருஷக் கடைசியில் தணிக்கைக்காரர் வருவதற்கு முன் ஒரே இரவில் ஏற்றிவிடலாம் என்று இருக்கும் காரியதரிசியைச் சங்கத்தார் அறிவர். அவருடைய முடிவே கௌண்டிகளுக்கும் நேர்ந்தது.

1981ஆம் வருஷத்து வனஜீவிகள், கிராமப்புறம் பற்றிய சட்டம் இம்முறையை மாற்றிற்று. அதன் 53ஆம் பிரிவு, படத்தை இடைவிடாமல் பரிசீலனையில் வைத்திருக்க வேண்டும் என்றும், மாற்றம் ஒன்று நேர்ந்தவுடன் கூடிய சீக்கிரத்தில் திருத்த உத்தரவு செய்யவேண்டும் என்றும் விதித்தது. மாற்றங்களை அப்பிரிவு இருவகையாகப் பிரிக்கிறது.

ஒன்று, சட்டப்படி ஏற்கெனவே நடந்து முடிந்த சம்பவங்கள்: பாதை திருப்பப்பட்டது, மூடப்பட்டது, அகலமாக்கப்பட்டது, புதிதாக ஏற்பட்டது என்பவை. இவற்றிற்கான திருத்த உத்தரவுக்கு நோட்டீஸும் வேண்டாம், ஆட்சேபமும் வேண்டாம், மந்திரியின் ஊர்ஜிதமும் வேண்டாம். கையெழுத்தான க்ஷணமே அமுலுக்கு வரும். நியாயந்தானே! வாதாட வேண்டியதெல்லாம் முதல் உத்தரவின்போதே வாதாடியாயிற்று. இது வெறும் எடுத்தெழுத்து. பத்து இருபது சம்பவங்களைச் சேர்த்து ஒரே உத்தரவிலும் ஏற்றலாம்.

மற்றொன்று, சாட்சியத்தால் வெளிப்படுபவை: படத்தில் விட்டுப்போன பாதை, தவறான வகையில் எழுதப்பட்ட பாதை, பாதையே இல்லாத இடத்தில் போடப்பட்ட கோடு. இவற்றிற்கு எவரும் மனுச் செய்யலாம். ஆனால் நோட்டீஸ், ஆட்சேபம், விசாரணை எல்லாம் உண்டு. இவ்வழக்குகளில் நிலக்காரருக்குச் சௌகரியமா, ஜனங்களுக்கு வேண்டுமா என்ற பேச்சே எழக்கூடாது. உரிமை உண்டா இல்லையா என்பதொன்றே கேள்வி. வேலியடைப்புத் தீர்ப்புகள், 1836ஆம் வருஷத்துச் சட்டப்படி கோவில் தசமபாகத்துக்காக வரைந்த படங்கள், 1910ஆம் வருஷத்து வரிச் சட்டத்துக்காக நிலத்தை மதிப்பிட்டபோது பொதுப் பாதை இருப்பதால் கழிவு கேட்ட நிலக்காரரின் கணக்குகள் ஆகியவை சாட்சியாகும். வரி குறைய வேண்டுமென்று தாத்தா ஒப்புக்கொண்ட பாதையைப் பேரன் மறுப்பது எளிதன்று. ஆனால் சர்வே இலாகாவார் அச்சிடும் சாதாரணப் படத்தில் ஒற்றையடிக் கோடு இருப்பது மாத்திரம் உரிமைக்குச் சாட்சியாகாது என்று அவ்விலாகாவாரே தம் படங்களில் அச்சிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட தடத்தை வரைவார்கள், உரிமையை விசாரிப்பதில்லை.

எடுத்தெழுத்துத்தானே, தாமதமானால் என்ன என்று கேட்கலாம். மேற்சொன்ன விவசாயியின் கதையையே இன்னும் சிறிது தூரம் கொண்டுபோய்ப் பார்க்கலாம். பாதை திரும்பி இருபது வருஷமாகிறது. படம் திருத்தப்படவில்லை. விவசாயி காலஞ்சென்று, பண்ணை விலைக்கு வருகிறது. வாங்குபவரின் வக்கீல் கௌன்சிலை விசாரிக்கிறார். படத்தைப் பார்த்த குமாஸ்தா, முற்றத்தின் நடுவே பொதுப் பாதை இருக்கிறது என்று பதில் எழுதுகிறார். வாங்குபவர் பின்வாங்குகிறார், அல்லது விலையைக் குறைக்கிறார். விதவையும் குழந்தைகளும் பழைய உத்தரவைத் தேடி அலைகிறார்கள். படத்தின் தேதிக்குப் பின் நடந்த சம்பவத்தைப் படம் மறுக்காது. ஆகவே உத்தரவின் பிரதி கிடைத்தால் உண்மை நிலைக்கும். ஆனால் மனுதாரர் பிரதி தொலைந்து, கௌன்சில் ஆபீஸும் இருமுறை கட்டிடம் மாறியிருந்தால்?

மறுபக்கமும் உண்டு, அதுவே பொதுஜனங்களுக்கு அதிக நஷ்டம். தொழுவத்துக்குப் பின்னே சென்ற புதிய பாதை படத்தில் இல்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர் முற்றத்துக்குச் சென்று, பூட்டிய வாயிலைக் கண்டு திரும்பிவிடுவார். புதிய பாதையில் நடப்பவர் குறைவர். குறைந்தால் முள் மண்டும். முள் மண்டினால் அடுத்த நிலக்காரர், அங்கே பாதை இருந்ததாகவே அறியாமல் வேலி போடுவார். ஆக, பழைய பாதை உத்தரவினால் போயிற்று. புதிய பாதை எழுதாமையினால் போயிற்று. ஜனங்கள் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றதாகப் பெயர். கையில் இரண்டும் இல்லை. புதிய பாதையின் உரிமை சட்டத்தில் சாகவில்லைதான். ஆனால் அதை எழுப்புவதற்கு ஒருவர் வருஷக்கணக்கில் பழங்காகிதம் புரட்ட வேண்டும்.

இருவேறு உத்தரவு என்பதே தாமதத்துக்கு வேர் என்று கண்டு, 2000ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு வழி செய்தது. பாதையைத் திருப்பும் உத்தரவிலேயே, அது அமுலுக்கு வரும்போது படமும் இவ்விதம் திருந்தும் என்று சேர்த்தெழுதிவிடலாம். 2008ல் இதற்கான விதிகள் இங்கிலாந்தில் ஏற்பட்டன. வரவு வைக்கும் பேனாவாலேயே பேரேட்டையும் எழுதிவிடுவது போன்ற இச்சிறு சீர்திருத்தம், முன் ஐம்பது வருஷத்துப் பெரிய திட்டங்களைவிடப் பயனுள்ளது என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் அதற்கு முன் செய்த உத்தரவுகளின் பாக்கி, பழைய கட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றப்பட வேண்டியதே.

அதே 2000ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு கெடுவும் வைத்தது. 1949க்கு முன்பே இருந்து, 2026 ஜனவரி 1ந் தேதிக்குள் படத்தில் ஏறாத பழைய நடைபாதை, குதிரைப் பாதை உரிமைகள், சில விலக்குகள் தவிர, அற்றுப்போகும் என்றது. என்றும் சாகாது என்ற பழைய கொள்கைக்கு முதல் வெட்டு அது. கால்நடையாகச் சுற்றுவோர்க்கென 1935ல் ஏற்பட்ட ராம்ப்ளர்ஸ் சங்கத்தார், தொண்டர்களைக்கொண்டு பழைய படங்களையும் முடிவான படங்களையும் ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் விட்டுப்போயிருக்கலாம் என்று 2020ல் கணக்கிட்டனர். கௌன்சில்களில் மனுக்கள் குவிந்தன. 2023ல் இங்கிலாந்தில் கெடு 2031 ஜனவரி 1க்குத் தள்ளப்பட்டது; 2024 டிசம்பரில் அந்நாட்டு சர்க்கார் கெடுவையே ரத்துசெய்யப் போவதாக அறிவித்தனர். கெடு ஒன்று வந்தால்தான் ஏட்டைத் திறப்பது என்பது மனித சுபாவம் போலும். தவணைத் தேதிக்கு முந்தின நாள் சங்கக் கட்டிடத்தில் கூடும் கூட்டமும் அதற்கு அத்தாட்சி.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பாதை வயலின் குறுக்கே செல்வதால் உழவு நின்றுவிடுவதில்லை. 1990ஆம் வருஷத்துச் சட்டப்படி, வயலின் குறுக்கே செல்லும் நடைபாதையையும் குதிரைப் பாதையையும் அவசியமானால் உழலாம்; ஆனால் பயிர்க்காலத்தின் முதல் உழவுக்குப்பின் 14 நாளுக்குள்ளும், பிற்பட்ட வேலைகளுக்குப்பின் 24 மணிக்குள்ளும் பாதையைச் சமன்செய்து அடையாளம் தெரியும்படி வைக்க வேண்டும். வயலின் ஓரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. அகலம் பட்டியில் எழுதப்பட்டிருந்தால் அந்த அகலம். எழுதப்படாவிட்டால், வயலின் குறுக்கே சமன்செய்யும்போது நடைபாதைக்கு ஒரு மீட்டரும் குதிரைப் பாதைக்கு இரண்டு மீட்டரும் குறைந்தபட்சம். பட்டியில் ஒரு வரி எழுதாமல் விட்டதன் விளைவு இங்கேயும் வந்து நிற்கிறது.

முடிவான படமும் பட்டியும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி, தக்க நேரங்களில் திறந்து வைத்திருக்க வேண்டியவை. திருத்த உத்தரவுகளும் அவற்றோடு இருக்கும். உத்தரவுகள் ஏறிக்கொண்டே போனால், ஒட்டுத் துண்டுகள் நிறைந்த பழம் பேரேட்டைப் போல் படம் படிக்க முடியாததாகிவிடும். அந்நிலையில் கௌன்சில், அதுவரை நேர்ந்த திருத்தங்களையெல்லாம் உள்ளடக்கிப் புதிய தேதியிட்ட படம் ஒன்றை வரையலாம். பழைய பேரேட்டின் மீதியைப் புதிய பேரேட்டின் முதற்பக்கத்தில் கொண்டுவருவதே அது. அவ்விதம் வரைந்த பிறகும் பழைய படத்தைக் கூடியவரை பார்வைக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். புதியதில் ஒரு கோடு தவறி விட்டுப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்கு அதையன்றி வேறு ஏடு இராது.